வெட்டாமல் விட்ட இரண்டு அங்குலம்

வீட்டுக் கொல்லையில் இருபது மீட்டர் உயரத் தென்னை. ஒருபுறம் வீட்டுச் சுவர், மறுபுறம் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் கூரை, பின்னால் மின்கம்பி. மரம் விழுவதற்கென்று மிச்சமிருப்பது நாலு மீட்டர் அகலச் சந்து ஒன்றுதான். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய நிலைமை இது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்த மரம் அடியில் அறுபட்டுச் சாய்ந்தால், அதன் நுனி தரையைத் தொடும் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர் அளவில் இருக்கும். திசை பத்துப் பாகை பிசகினால் நுனி மூன்றரை மீட்டர் தள்ளி விழும். சந்துக்குப் போக வேண்டியது சுவரின்மேல் போய்ச் சேரும்.

இத்தனை பெரிய பாரத்தைக் குறித்த இடத்தில் படுக்கவைக்க முடியும். நல்ல மரவெட்டுக்காரர்கள் அதை அன்றாடம் செய்கிறார்கள். அவர்களுடைய திறமையை அளக்க விரும்புகிறவர், மரம் விழுந்த பிறகு அடிக்கட்டையைப் போய்ப் பார்த்தால் போதும். அதன் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஒரே தடிமனில் பிய்ந்த நார்களின் பட்டை ஒன்று தெரியும். அரை மீட்டர் விட்டமுள்ள மரமென்றால் அந்தப் பட்டையின் தடிமன் ஏறத்தாழ இரண்டு அங்குலம் இருக்கும். அந்த இடத்தை ரம்பம் தொடவே இல்லை. மரத்தை வழிநடத்தியது அதுதான்.

மரத்தைச் சாய்க்க அடிப்படையாக மூன்று அறுப்புகள் வேண்டும். விழ வேண்டிய திசையில், அடிமரத்தின் முகத்தில், இரண்டு அறுப்புகளால் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும். இது முன்வெட்டு. அதன் ஆழம் மரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை இருக்கலாம். பிறகு எதிர்ப்புறத்திலிருந்து உள்ளே வரும் அறுப்பு, பின்வெட்டு. இந்தப் பின்வெட்டு முன்வெட்டைத் தொட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு மரம் அறுபடாமல் நிற்க வேண்டும். கதவைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு அதை ஒரே வழியில் திரும்பவிடும் கீலின் வேலையைத்தான் இந்தப் பட்டை செய்கிறது. அதனால் இதையும் கீல் என்றே சொல்லலாம். கீல் இருக்கும்வரை மரம் முன்னால் மட்டுமே மடங்க முடியும். பக்கவாட்டில் திரும்பவோ, அடிக்கட்டையை விட்டு வழுக்கவோ அதற்கு வழியில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு மரத்தின் உள்ளமைப்பில் விடை இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய கோடிக்கணக்கான நுண்குழாய்களின் கட்டு. அவற்றின் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளத்தை ஒட்டியே ஓடுகின்றன. ஆகவே நார் ஓடும் திசையில் இழுத்தால் மரம் பெரும் பலத்தைத் தாங்கும். நாருக்குக் குறுக்கே பிரித்தால் அதில் இருபதில் ஒரு பங்கு பலத்துக்கே பிளந்துவிடும். விறகு பிளக்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். கட்டையை நிறுத்திவைத்து மேலிருந்து கோடாலி போட்டால் இரண்டாகப் பிளக்கிறது. குறுக்கே போட்டால் கோடாலி துள்ளுகிறது. மரம் சாயத் தொடங்கும்போது கீலின் பின்பக்க நார்கள் இழுபடுகின்றன, முன்பக்க நார்கள் நசுங்குகின்றன. இரண்டுமே நீளவாக்கு விசைகள் என்பதால் நார்கள் சட்டென்று அறுந்துபோகாமல் வளைந்து கொடுக்கின்றன. பச்சை மரத்தில் ஈரம் இருப்பதால் இந்த வளைவு இன்னும் எளிது. பட்டுப்போன மரத்தில் ஈரமும் இல்லை, பூஞ்சை தின்ற நாருக்குப் பிடிப்பும் இல்லை. அங்கே கீல் பாதி வழியிலேயே படீரென்று முறிகிறது. ஆகவே பட்ட மரம் வெட்டுவது பச்சை மரம் வெட்டுவதைவிட ஆபத்தானது. அடிமரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொந்தின் ஓசை வருகிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவதுதான் முறை.

தடிமன் ஏன் பத்தில் ஒரு பங்கு? அதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்து ஏறும். கீலின் தடிமனை இரு மடங்காக்கினால் அதை வளைக்க எட்டு மடங்கு பலம் தேவைப்படும். மரம் அசைய மறுக்கும்; அல்லது அசையும்போது வேறெங்காவது பிளக்கும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகக் குறைந்து, காற்றின் ஒரு தள்ளலுக்கே மரம் முறுக்கிக்கொண்டு திரும்பும். நீளமோ நேர்விகிதத்தில்தான் உதவுகிறது, ஆனாலும் பக்கவாட்டுத் திருப்பத்தைத் தடுப்பது அதுதான். அதனால் கீலின் நீளம் விட்டத்தில் எண்பது சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பயிற்சியாளர்கள் சொல்லும் அளவு.

முன்வெட்டின் கோணத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. வாய் 45 பாகை திறந்திருந்தால், மரம் 45 பாகை சாய்ந்ததும் மேலுதடும் கீழுதடும் முட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் கீல் பிய்ந்துவிடும். மீதிப் பாதி வழியை மரம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் கடக்கிறது. வாயை 70 முதல் 90 பாகைவரை அகலமாகத் திறந்தால் மரம் தரையை நெருங்கும்வரை கீல் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த சோரன் எரிக்சன் அமெரிக்காவில் மரவெட்டுக்காரர்களுக்கு நடத்திய பயிற்சிகள் இந்த அகல வாய் முறையை அங்கே பரப்பின. முகத்தில் சற்றுக் கூடுதல் மரம் வீணாவதாக மரவியாபாரிகள் குறைபடலாம். வீட்டோரத்தில் மரம் வெட்டுகிறவர்கள் அந்த வீணைப் பொருட்படுத்தவே கூடாது.

மரத்தைக் காசாகப் பார்த்தவர்களின் கதை கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மாவட்டத்தில் கிடைக்கிறது. நூறு மீட்டரையும் தாண்டி வளரும் செம்மரங்கள் நிற்கும் கடற்கரை நாடு அது. நம் ஊர்ச் செம்மரத்துக்கும் இதற்கும் உறவில்லை; இது ஊசியிலை மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எடுத்த புகைப்படங்களில், முன்வெட்டின் வாய்க்குள் பல ஆட்கள் சாவகாசமாகப் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த மரங்கள் விழுந்த வேகத்தில் துண்டு துண்டாகச் சிதறிவிடும். அதனால் விழும் பாதை நெடுகக் கிளைகளையும் மண்ணையும் பரப்பி மெத்தைபோல் தயார் செய்துவிட்டுத்தான் மரத்தில் கைவைப்பார்கள். அந்த மாவட்டத்தின் பெயரால் வழங்கும் வெட்டில், ஆப்புத் துண்டு மேலேயுள்ள தடியிலிருந்து வராமல் கீழேயுள்ள அடிக்கட்டையிலிருந்து வரும். விலைபோகும் தடியின் அடி தட்டையாக, சேதமில்லாமல் கிடைக்கும். பணத்துக்காகக் கண்டுபிடித்த முறை என்றாலும் அதிலும் கீலின் விதி மாறவில்லை.

முன்வெட்டின் இரண்டு அறுப்புகளும் ஒரே கோட்டில், ஒன்றையொன்று தாண்டாமல் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டிப் போய்விட்டால் வாயின் மூலையில் ரம்பத்தின் தடிமனுக்கு ஒரு மெல்லிய இடுக்கு விழுகிறது. வாய் எத்தனை அகலமாக இருந்தாலும் பயனில்லை. அந்த இடுக்கு சில பாகைகளிலேயே மூடிக்கொண்டு கீலை முறித்துவிடும். தாண்டல் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் அந்த ஓரம் முதலில் முட்டி, மரம் திசைமாறும். இரண்டு சென்டிமீட்டர் அவசரம் இது. மரம் ஏன் திரும்பியது என்று பலர் காற்றின்மேல் பழிபோடும் இடங்களில் அடிக்கட்டையில் இந்த இடுக்கைத்தான் முதலில் தேட வேண்டும்.

பின்வெட்டின் உயரமும் முக்கியம். வாய் குறுகலாக இருக்கும் பழைய முறையில் பின்வெட்டு வாயின் மூலையைவிட ஓரிரு அங்குலம் மேலே இருக்க வேண்டும். அந்தப் படி, சாயும் மரம் அடிக்கட்டையிலிருந்து பின்னோக்கி வழுக்காமல் தடுக்கும். அகல வாய் முறையில் அது மூலையின் மட்டத்திலேயே இருக்கலாம். மேலிருந்து கீழே சாய்வாக இறங்கும் பின்வெட்டு எந்த முறையிலும் சேராது. அதில் கீலின் தடிமன் எவ்வளவு என்று கண்ணால் கணிக்க முடியாது.

கோடாலிக் காலத்தில் இத்தனை பிழைகளுக்கும் ஒரு மாற்று இருந்தது: நேரம். ஒரு பெரிய மரத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு வீச்சுக்கும் இடையில் மேலே பார்க்கலாம். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அமெரிக்காவின் ஒரிகனில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப்புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக வெட்டுவதைக் கவனித்து, 1947-இல் புதுவகைப் பல் கொண்ட சங்கிலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று சங்கிலியின் பற்கள் நொடிக்கு இருபது மீட்டர் அளவில் ஓடுகின்றன. இரண்டு அங்குலக் கீலைத் தெரியாமல் அறுத்து முடிக்க ஓரிரு நொடிகள் போதும். கருவி எவ்வளவு வேகமோ அவ்வளவு முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

இனிக் கயிறு.

நேராக நிற்கும் மரத்தையும், விழ வேண்டிய பக்கமே சாய்ந்த மரத்தையும் கீல் ஒன்றே கவனித்துக்கொள்ளும். பின்பக்கம் சாய்ந்த மரம் அப்படியல்ல. ஒரு டன் எடையுள்ள வேம்பு. அதன் புவியீர்ப்பு மையம் கீலுக்கு ஒரு மீட்டர் பின்னால், வீட்டுப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதை முன்னால் கொண்டுவர வேண்டுமானால் 1,000 கிலோ-மீட்டர் திருப்புவிசையை எதிர்க்க வேண்டும். கயிற்றை இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டினால் 500 கிலோ பலத்தில் இழுத்தாக வேண்டும். பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் 100 கிலோ போதும். பள்ளியில் படித்த நெம்புகோல் விதிதான் இது. ஆனாலும் பாதி இடங்களில் கயிறு ஆள் உயரத்தில்தான் கட்டப்படுகிறது, ஏணி வைக்க யாருக்கும் பொறுமை இல்லாததால். அதற்காக நுனிவரை போகவும் கூடாது. மேலே தடி மெலிந்து, இழுக்கும்போது அது மட்டும் வளைந்துகொடுக்கும், முறியவும் செய்யும். மரத்தின் உயரத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடைப்பட்ட, உறுதியான கவட்டை ஒன்றுக்கு மேலே கட்டுவது நல்லது. ஏறாமலே கட்டவும் வழியுண்டு. சிறிய மணல்பை கட்டிய மெல்லிய கயிற்றைக் கவட்டைக்கு மேல் வீசி, அதன் வாலில் பெரிய கயிற்றைக் கட்டி இழுத்து, சுருக்குப் போட்டு மேலே ஏற்றிவிடலாம்.

கயிற்றின் சாய்வும் கணக்கில் வரும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் கயிற்றைப் பத்து மீட்டர் தள்ளி நின்று இழுத்தால் அது 45 பாகையில் இருக்கும். அப்போது இழுப்பில் எழுபது சதவீதம் மட்டுமே மரத்தை முன்னால் கொண்டுவரும்; மீதி மரத்தைத் தரைக்குள் அழுத்துவதில் போய்விடும். இருபது மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் உதவும். தூரத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பதினைந்து மீட்டர் மரத்தைப் பத்து மீட்டர் தள்ளி நின்று இழுக்கிறவர்மேல் அந்த மரமே வந்து விழும்.

மரத்தின் உயரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கையை நீட்டி, கண்ணிலிருந்து பிடிவரை எவ்வளவு நீளமோ அதே நீளக் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். குச்சியின் கீழ்முனை மரத்தின் அடியையும் மேல்முனை நுனியையும் மறைக்கும் இடத்தில் நின்றால், அங்கிருந்து மரம்வரை உள்ள தூரமே அதன் உயரம். ஒத்த முக்கோணங்கள் இந்த வேலையைச் செய்துவிடும். அந்தத் தூரத்தையும் தாண்டித்தான் இழுக்கிறவர்கள் நிற்க வேண்டும். இடமில்லை என்றால் விழும் பாதைக்கு நேரே எதிரில் ஓர் உறுதியான மரத்தில் கப்பி கட்டி, கயிற்றை அதன் வழியாகத் திருப்பிப் பக்கவாட்டில் நின்று இழுக்கலாம். நாலு பேர் கூடி இழுக்கும் இடத்தில் கப்பிகளை மூன்றுக்கு ஒன்று என்ற அமைப்பில் பூட்டினால் ஒருவரோ இருவரோ போதும். கூட்டம் குறைந்தால் ஆபத்தும் குறையும்.

இழுக்கும் கயிற்றின் தரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புதிய 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஏறத்தாழ மூன்று டன்னில் அறும். அதில் முடிச்சுப் போட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். முடிச்சின் வளைவில் வெளிப்பக்க இழைகள்மேல் சுமை குவிவதே காரணம். ஐந்து மடங்குப் பாதுகாப்பு வைத்தால் அதன்மேல் 350, 400 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. வெயிலில் பல வருஷம் கிடந்த கிணற்றுக் கயிற்றுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு: அது நன்றாக நீளும். நீண்ட கயிறு ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. அறுந்தால் அந்த ஆற்றல் முழுவதும் அறுந்த முனையில் வரும். அதிகம் நீளாத பாலியெஸ்டர் கயிறு இந்த வேலைக்கு மேல். எந்தக் கயிறானாலும் இறுக்கிய கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது.

கயிற்றை மரத்தில் சுற்றிப் பிடிப்பதன் கணிதத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் வகுத்தார். ஒவ்வொரு சுற்றும் உராய்வைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வெண் 0.3 என்றால் இரண்டு சுற்றில் பிடிப்பு நாற்பது மடங்கைத் தாண்டும். மூன்று சுற்றில் 280 மடங்கு. மேலே வெட்டிய கிளையை ஒருவர் மட்டும் கீழே நின்று மெல்ல இறக்க முடிவது இதனால்தான். கையில் சுற்றிக்கொள்கிறவரை அதே கணிதம் விடாமல் பிடித்துக்கொள்ளும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றுவது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத பழக்கம்.

கயிறு கட்டும் நேரமும் இழுக்கும் நேரமும் வேறு வேறு. ரம்பம் மரத்தைத் தொடுவதற்கு முன்பே கயிற்றைக் கட்டி, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். முன்வெட்டை எடுத்து, பின்வெட்டைக் கீலின் அளவுவரை கொண்டுவந்து, ரம்பத்தை நிறுத்தி, அறுத்தவர் விலகிப் போன பிறகுதான் பலமான இழுப்பு. புவியீர்ப்பு மையம் கீலைத் தாண்டி முன்னால் வந்ததும் மரம் தானாகவே போகும். அங்கே இழுக்கிறவர்களின் வேலை முடிந்தது, விலகிவிடலாம்.

இந்த வரிசை தலைகீழானால் வருவது இத்தொழிலின் மிகக் கொடிய விபத்து. பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே ஆட்களோ டிராக்டரோ பலமாக இழுத்தால், அறுபடாத தடித்த பகுதி வளைய மறுக்கிறது. அறுபட்ட பின்பாதி மட்டும் மேலே எழும்பப் பார்க்கிறது. நீளவாக்கில் பிளப்பது மரத்துக்கு எளிது என்பதால் தண்டு செங்குத்தாக இரண்டாகக் கிழிகிறது. பின்பாதி பல மீட்டர் உயரத்துக்கு நெம்பி எழுந்து, அறுத்துக்கொண்டிருப்பவர் நிற்கும் பக்கமே வீசியடிக்கும். விலகக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. விழும் பக்கமே அதிகம் சாய்ந்த மரங்களில் இழுக்காமலேயே இது நடக்கும். அகன்ற இலை மரங்கள் சாய்ந்து வளரும்போது மேற்பக்கத்தில் இழுவிசை தாங்கும் தனிவகை மரநாரை வளர்த்துக்கொள்கின்றன. அந்தப் பக்கம் எப்போதும் விறைத்து நிற்கும். தைல மரத்தில் வளர்ச்சியின்போது சேரும் உள்ளிறுக்கம் மிக அதிகம். வெட்டிப் போட்ட தடியின் முனைகள் தாமாகவே வெடித்துப் பிளப்பதை அந்தத் தோட்டங்களில் பார்க்கலாம். சாய்ந்த தைல மரத்தைப் பின்னாலிருந்து சும்மா அறுத்துக்கொண்டே போகிறவர் பெரும் ஆபத்தில் நிற்கிறார்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. முன்வெட்டை எடுத்ததும் ரம்பத்தின் தகட்டை நடுமரத்துக்குள் குத்திச் செலுத்தி, கீலின் அளவை முதலில் துல்லியமாக அமைத்துக்கொண்டு, பிறகு பின்னோக்கி அறுத்துவர வேண்டும். பின்பக்க ஓரத்தில் ஒரு பட்டையை அறுக்காமல் விட வேண்டும். இப்போது மரத்தை முன்னால் கீலும் பின்னால் அந்தப் பட்டையும் பிடித்திருக்கின்றன. நடுவில் மரமே இல்லை. எல்லாம் சரியா என்று நிதானமாகப் பார்த்துவிட்டு, பின்பட்டையை வெளியிலிருந்து அறுத்தால் மரம் ஒரே மூச்சில் கிளம்பும். பிளப்பதற்கு வேண்டிய தடித்த மரம் அங்கே மிச்சமில்லை. குத்திச் செலுத்தும்போது தகட்டு முனையின் மேல்பாதி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும் என்பதால் கீழ்ப்பாதியால் தொடங்க வேண்டும். பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யத்தக்க வேலை இது.

சற்றே பின்சாய்ந்த சிறு மரங்களுக்கு ஆப்பும் போதும். பின்வெட்டில் ஆப்பை அடித்து இரண்டரை சென்டிமீட்டர் தூக்கினால், அரை மீட்டர் விட்டமும் இருபது மீட்டர் உயரமும் உள்ள மரத்தின் நுனி ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் நகரும். ரம்பத்தின் தகட்டை மரம் கவ்விக்கொள்வதையும் ஆப்பு தடுக்கும். பக்கவாட்டுச் சாய்வுக்கு ஆப்பு பெரிதாக உதவாது. சாய்வுக்கு எதிர்ப்புற ஓரத்தில் கீலைச் சற்றுத் தடிப்பாக விடுவதும், அதே பக்கம் இன்னொரு கயிறு கட்டுவதும்தான் வழி.

இப்போது அந்தக் கொல்லைத் தென்னைக்கு வரலாம். மேலே சொன்னதெல்லாம் வேம்புக்கும் புளிக்கும் தைல மரத்துக்கும் பொருந்தும். தென்னையும் பனையும் வேறு இனம். அவை ஒருவித்திலைத் தாவரங்கள். ஆண்டு வளையம் இல்லை, வைரம் பாய்வதும் மற்ற மரங்களைப்போல் இல்லை. நார்க்கற்றைகள் தண்டின் ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் அரிதாகவும் சிதறிக் கிடக்கின்றன. தென்னையின் ஓரப்பகுதி ஒரு கனமீட்டருக்கு 600 கிலோவுக்கும் மேல் அடர்த்தி உடையது. நடுப்பகுதி 400 கிலோவுக்கும் குறைவு. தண்டின் குறுக்கே ஒரு கீலை விட்டால் அதன் இரண்டு முனைகளில் மட்டுமே வலு இருக்கும், நடுவில் சோறுதான். ஆகவே வேம்புக்குச் செய்யும் அளவுக்குக் கீலை இங்கே நம்ப முடியாது. ஓரத்தின் கடினமான நார் ரம்பத்தின் பல்லையும் விரைவில் மழுக்கிவிடுவதால் வெட்டு நேராக வருவதும் சிரமம்.

அதனால்தான் நெருக்கமான இடங்களில் அனுபவமுள்ளவர்கள் தென்னையை முழுதாகச் சாய்ப்பதே இல்லை. ஏறிப்போய் மட்டையையும் குலையையும் இறக்கி, கொண்டையை வெட்டித் தள்ளி, தண்டைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குகிறார்கள். பார்ப்பதற்கு மெதுவான வேலை. கூலியும் அதிகம். அறிவியல் நோக்கில் சரியான வேலை அதுதான். இடம் இருந்து முழுதாகச் சாய்ப்பதானாலும் ஒரு கயிறு போதாது. விழும் கோட்டில் ஒன்றும், இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று கயிறுகள் வேண்டும்.

புயலுக்குப் பிறகு இந்த விதிகளில் பல தலைகீழாகின்றன. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பகுதியில் கரை கடந்த கஜா, டெல்டாவில் தென்னந்தோப்புகளையே படுக்கவைத்தது. ஏற்கெனவே விழுந்த மரத்தில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். விழுந்த மரம் வில்லாக வளைந்து கிடக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். இழுபட்ட பக்கத்தை முதலில் அறுத்தால் வெடித்துத் திறக்கும்; நசுங்கிய பக்கத்தில் ஆழமாகப் போனால் ரம்பத்தைக் கவ்வும். நசுங்கிய பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து மெல்ல வர வேண்டும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு எழும்பி நின்ற வேர்த்தட்டு பாரம் போய்ப் பழைய குழிக்குள் திரும்ப விழலாம். அந்தக் குழிக்குள் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்த வேண்டும்.

உலகின் மிக ஆபத்தான தொழில்களில் இதுவும் ஒன்று. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2022-இல் அங்கே மரவெட்டுத் தொழிலாளர்கள் ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் என்ற விகிதத்தில் வேலையிலேயே இறந்திருக்கிறார்கள். எல்லாத் தொழில்களுக்குமான சராசரி 3.7. தலைக்கவசமும் பயிற்சியும் சட்டமும் உள்ள நாட்டின் நிலைமை இது. அங்கே 1994-இல் வெளியான மரத்தொழில் பாதுகாப்பு விதி, முன்வெட்டையும் போதுமான கீலையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வேலை செய்பவர்களுக்கிடையே இரண்டு மர உயர இடைவெளியும் கேட்கிறது. அறுக்கிறவருக்கு விலகும் பாதை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பாதை நேர்பின்னால் இருக்கக் கூடாது, ஏனென்றால் அடிமரம் பின்னால் உதைக்கும். இருபுறமும் பின்னோக்கிச் சாய்வாக இருக்க வேண்டும். விலகும்போதும் கண் மேலேயே இருக்க வேண்டும். முறிந்து தொங்கும் கிளைகள் மரம் விழுந்து முடிந்த பிறகும் ஓரிரு நொடி கழித்து இறங்கும்.

நம் ஊரில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழிலாளர்கள். பேரம் பேசிக் கூலியைக் குறைக்கும்போது முதலில் குறைவது இரண்டாவது கயிறும், அதைப் பிடிக்க வரும் இன்னொரு ஆளும்தான். “இன்னைக்கே முடிச்சிருங்கண்ணே” என்ற அவசரமும் வீட்டுக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. மரம் வெட்டச் சொல்கிறவர்கள் கயிற்றுக்கும் ஆளுக்கும் ஆகும் கூடுதல் பணத்தை மனமுவந்து கொடுக்க வேண்டும். கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் நிறுத்த வேண்டும். கயிறு மேலே ஏறுவதற்கு முன் யாராவது ரம்பத்தை எடுத்தால், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.